கடைசியிலிருந்து மூன்றாவது: ஆன்டிபெனல்டிமேட் என்ற சொல்லைப் பிரித்து, எண்ணி, வாயில் பழக ஒரு வழிகாட்டி

பள்ளியில் யாப்பு படித்தவர்களுக்குத் தேமா, புளிமா நினைவிருக்கும். தேமா என்றால் நேர் நேர். அந்தப் பெயரையே அலகிட்டுப் பாருங்கள், தே / மா, அதுவும் நேர் நேர்தான். புளிமா என்றால் நிரை நேர், பெயரும் புளி / மா. தான் குறிக்கும் அளவிலேயே தானும் அமைந்திருக்கிற பெயர்கள் இவை, அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் மறப்பதில்லை.

ஆங்கிலத்திலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது: ஆன்டிபெனல்டிமேட். ஒரு சொல்லில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வரும் சிலபிள் என்பது இதன் அடிப்படைப் பொருள். பார்த்தால் பயமுறுத்தும் நீளம். ஆனால் ஆங்கிலம் பேசும்போது "உங்கள் உச்சரிப்பில் அழுத்தம் இடம் மாறி விழுகிறது" என்று யாராவது சொல்லி, எங்கே மாறுகிறது என்று தெரியாமல் விழித்திருக்கிறீர்கள் என்றால், இந்த ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது ஒரு புத்தகம் படிப்பதைவிட அதிகம் உதவும். கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள், நடுவில் தாவ வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

முதல் படி: சொல்லைப் பிரியுங்கள்

மூன்று துண்டுகள்: ஆன்டி, பென், அல்டிமேட். மூன்றுமே லத்தீனிலிருந்து வந்தவை, மூன்றையும் நீங்கள் ஏற்கெனவே வேறு எங்கேயோ சந்தித்திருக்கிறீர்கள்.

அல்டிமேட் தெரிந்ததுதான், 'கடைசி, இறுதி'. லத்தீனில் உல்டிமுஸ் என்றால் மிகத் தொலைவில் இருப்பது, அதாவது அதைத் தாண்டி ஒன்றும் இல்லாதது. கடைசி எச்சரிக்கை என்று நாம் சொல்லும் அல்டிமேட்டமும் இதே வேர்.

பென் என்பது லத்தீனின் பைனெ, 'ஏறக்குறைய' என்று பொருள். பெனின்சுலா என்ற சொல்லில் இருப்பது இதுதான். இன்சுலா என்றால் தீவு, பெனின்சுலா என்றால் ஏறக்குறைய தீவு. நாம் தீபகற்பம் என்கிறோம். கிரகணப் பாடத்தில் வரும் பெனம்ப்ராவும் அப்படித்தான், ஏறக்குறைய நிழல், நம் பாடப்புத்தகத்துப் புறநிழல். ஆக, பெனல்டிமேட் என்றால் 'ஏறக்குறைய கடைசி', கடைசிக்கு ஒன்று முன்னால் இருப்பது.

மீதி இருப்பது ஆன்டி. இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள். இது எதிர்ப்பு என்று பொருள் தரும் ஆன்டி இல்லை. அதற்கு ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஐ, இதற்குக் கடைசி எழுத்து இ. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் குழப்பம். நம்முடைய ஆன்டி லத்தீனில் ஆன்டெ, 'முன்' என்று பொருள். காலை நேரத்தைக் குறிக்க ஏ.எம். என்று தினமும் எழுதுகிறோமே, அதன் விரிவு ஆன்டெ மெரிடியெம், நடுப்பகலுக்கு முன். அந்த 'ஏ'தான் இங்கே முழுசாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

இப்போது சேர்த்துப் படியுங்கள்: முன் + ஏறக்குறைய + கடைசி. ஏறக்குறைய கடைசியாக இருப்பதற்கு முன்னால் இருப்பது. லத்தீன் இலக்கணக்காரர்கள் கடைசி சிலபிளை உல்டிமா என்றார்கள், அதற்கு முந்தியதைப் பைனுல்டிமா என்றார்கள், அதற்கும் முந்தியதை ஆன்டெபைனுல்டிமா என்றார்கள். அங்கிருந்துதான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. ஆக இது பிறந்ததே சிலபிள்களை எண்ணுவதற்காக. நாள், மாதம், அத்தியாயம் என்று மற்றவற்றுக்கு நீண்டது அப்புறம்.

இரண்டாம் படி: சிலபிள் என்றால் என்ன என்பதில் உறுதியாகுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சிலபிள் என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்தது. சுல்லபே என்றால் 'சேர்த்துப் பிடித்தது'. சில எழுத்தொலிகளை ஒரு பிடியாகப் பிடித்துச் சொல்வது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கடைசியில் ஒரு 'ல்' ஒட்டிக்கொண்டது, மூலத்தில் அது கிடையாது.

ஒரு சிலபிளுக்கு ஒரே ஓர் உயிரொலி மையம். அதைச் சுற்றி முன்னும் பின்னும் எத்தனை மெய் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஸ்ட்ரெங்த்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லில் ஒன்பது எழுத்துகள், ஆனால் சிலபிள் ஒன்றுதான். ஐடியாவில் நான்கே எழுத்துகள், சிலபிள் மூன்று: ஐ-டி-அ. எழுத்தைப் பார்த்து எண்ணினால் ஏமாறுவோம், காதால் எண்ண வேண்டும். எளிய வழி, புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ ஏறத்தாழ அத்தனை சிலபிள்.

தமிழ் படித்தவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. சிலபிளை அசை என்று மொழிபெயர்ப்பது வழக்கம், ஆனால் நம் யாப்பு அசையும் ஆங்கில சிலபிளும் ஒன்றல்ல. மலர் என்பது யாப்பில் ஒரே அசை, நிரையசை. சிலபிளாக எண்ணினால் ம-லர், இரண்டு. குறில் இணைந்து வந்தால் நாம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம், ஆங்கிலம் கட்டுவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க அசை என்று எழுதாமல் சிலபிள் என்றே எழுதுகிறேன்.

மூன்றாம் படி: பின்னாலிருந்து எண்ணுங்கள்

நம்மில் பலர் ஆங்கில உச்சரிப்பைப் பழகும்போது சொல்லின் முன்பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். முதல் சிலபிளில் அழுத்தமா, இரண்டாவதிலா என்று கேட்கிறோம். ஆங்கிலத்தில் நீளமான சொற்கள் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்துதான் கட்டுப்படுகின்றன. முன்னால் எவ்வளவு நீளம் சேர்ந்தாலும் அழுத்தம் எங்கே விழும் என்பதை வால்தான் சொல்கிறது.

பின்னாலிருந்து பார்ப்பது நமக்குப் புதிதில்லை. குற்றியலுகரத்தை ஆறு வகையாகப் பிரித்தோமே, எதை வைத்துப் பிரித்தோம்? கடைசி எழுத்துக்கு முந்திய எழுத்தை வைத்து. நாடு நெடில்தொடர், பாக்கு வன்தொடர், பந்து மென்தொடர். அந்த முந்திய எழுத்துக்கு நம் இலக்கணத்தில் ஈற்றயல் என்று பெயர். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீராக வரும் என்று படித்ததும் இதே சொல்தான். பெனல்டிமேட் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை. ஈறு, ஈற்றயல், ஈற்றயலுக்கு முந்தியது என்று வைத்துக்கொண்டால் மூன்று இடமும் மனதில் நின்றுவிடும்.

இப்போது நம் சொல்லையே எண்ணிப் பாருங்கள். ஆன்-டி-பெ-னல்-டி-மேட், ஆறு சிலபிள். பின்னாலிருந்து: மேட் ஒன்று, டி இரண்டு, னல் மூன்று. அழுத்தம் எங்கே? னல்லில். அதாவது ஆன்டிபெனல்டிமேட் என்ற சொல்லுக்கு அழுத்தமே ஆன்டிபெனல்டிமேட் சிலபிளில்தான். தேமா நேர்நேராக இருப்பது போல. இதைக் கவனித்த அன்று எனக்கு இந்தச் சொல் மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல் போனது. பெனல்டிமேட்டையும் எண்ணுங்கள், பெ-னல்-டி-மேட், அழுத்தம் அதே னல்லில். அல்டிமேட்டில் அல்லில். மூன்றிலும் பின்னாலிருந்து மூன்றாவது. சிலபிள் என்ற சொல்லும் சி-ல-பிள், அழுத்தம் சி, அதுவும் பின்னாலிருந்து மூன்றாவதுதான்.

நான்காம் படி: வாலைப் பார்த்து அழுத்தத்தைப் பிடியுங்கள்

இனிமேல் அழுத்தம் விழும் சிலபிளுக்கு முன்னால் ˈ என்ற குறி போடுகிறேன். ஒலிக்குறிப்பு தரும் அகராதிகள் பலவற்றிலும் இப்படித்தான் இருக்கும், குறி முன்னால், அழுத்தம் அதற்குப் பின்னால் வரும் சிலபிளுக்கு. சில அமெரிக்க அகராதிகளில் குறியைச் சிலபிள் முடிந்த பிறகு போடுகிறார்கள்; உங்கள் அகராதி எந்தப் பழக்கம் என்பதை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லை வைத்து முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே ஒரு சிலபிள் தள்ளிப் போகும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ˈஃபோ-ட-க்ராஃப் என்றால் படம். அதை எடுக்கும் கலை ஃப-ˈடா-க்ர-ஃபி. படம் தொடர்பான என்று பெயரடையாக வரும்போது ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக். ஒரே வேர், அழுத்தம் மூன்று இடத்துக்குத் தாவுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்கில்லாமல் ஓடுவது போலத் தெரியும். பின்னாலிருந்து பாருங்கள். படமும் கலையும் பின்னாலிருந்து மூன்றாவது. இக் என்று முடிவது மட்டும் ஈற்றயல்.

இதையே ˈடெ-ம-க்ராட், டி-ˈமா-க்ர-சி, டெ-ம-ˈக்ரா-டிக் என்று வைத்துப் பாருங்கள். அச்சு அசல் அதே ஆட்டம்.

ஆக, நினைவில் வைக்க வேண்டிய வால்கள் சிலதான். க்ரஃபி, லஜி, க்ரசி, நமி, இட்டி என்று முடிந்தால் அழுத்தம் பின்னாலிருந்து மூன்றாவதில்: ஜி-ˈயா-க்ர-ஃபி, பை-ˈயா-ல-ஜி, இ-ˈகா-ந-மி, அ-ˈபி-லி-டி, இ-லெக்-ˈட்ரி-சி-டி. இக் என்றோ ஷன் என்றோ முடிந்தால் ஈற்றயலில்: எ-க-ˈநா-மிக், இன்ஃபர்-ˈமே-ஷன். இக் என்பதோடு ஒரு 'அல்' சேர்ந்து இகல் ஆனால் எ-க-ˈநா-மி-கல். அழுத்தம் அசையவே இல்லை, பின்னால் ஒரு சிலபிள் கூடியதால் ஈற்றயலாக இருந்தது ஆன்டிபெனல்டிமேட் ஆகிவிட்டது. இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் புரியும்.

விலக்குகள் உண்டு. ˈபா-லி-டிக்ஸ், ˈடெ-லி-வி-ஷன் இரண்டும் மேலே சொன்னதற்கு அடங்காது. அவற்றைத் தனியாக நினைவில் வையுங்கள், அவற்றுக்காக விதியை விட்டுவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: வால் தெரியாத சொல்லுக்கு லத்தீன் விதி

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாக வரும் என்பதால்.

லத்தீனில் அழுத்தம் கடைசி மூன்று சிலபிளைத் தாண்டி முன்னால் போகாது. முதலாம் நூற்றாண்டில் பேச்சுக்கலை கற்பித்த குவிண்டிலியன் இதை எழுதியே வைத்திருக்கிறார். விதி இவ்வளவுதான்: ஈற்றயல் சிலபிளைப் பார். அது கனமாக இருந்தால் அழுத்தம் அங்கேயே. லேசாக இருந்தால் ஒரு படி முன்னால், ஆன்டிபெனல்டிமேட்டுக்குப் போ. கனம் என்றால் என்ன? நெடிலாக இருப்பது, அல்லது ஒற்று அடுத்து வருவது. லேசு என்றால் ஒற்று இல்லாத வெறும் குறில். குறில், நெடில், ஒற்று மூன்றும் நமக்கு அரிச்சுவடியிலேயே சொல்லிக்கொடுத்தவை. இதைப் புதிதாகக் கற்க வேண்டியவர்கள் மற்றவர்கள்தான்.

லத்தீன், கிரேக்க வழியில் ஆங்கிலத்துக்கு வந்த பெயர்ச்சொற்களில் பெரும்பகுதி இன்னும் இப்படியே நடக்கிறது. அ-ˈஜென்-ட: ஈற்றயல் ஜென், ஒற்றடுத்த குறில், கனம், அழுத்தம் அங்கேயே. ரெ-ஃப-ˈரென்-டம், ம-ˈமென்-டம் இரண்டும் அப்படியே. ஹ-ˈரை-ஸன்: ரை நீளம், அழுத்தம் அங்கேயே. இந்தப் பக்கம் ˈசி-னி-ம: ஈற்றயல் னி, வெறும் குறில், லேசு, அதனால் அழுத்தம் ஒரு படி முன்னால். ˈமி-னி-மம், ˈமாக்-ஸி-மம், ˈஸ்டே-டி-யம், அ-ˈமெ-ரி-க, எல்லாம் அதே.

மியூசியத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் மியூசியம் என்று குறிலாக எழுதிப் பழகிவிட்டோம், எழுத்தைப் பார்த்து எண்ணினால் அழுத்தம் மியூவில் விழ வேண்டும் என்று தோன்றும். ஆங்கிலத்தில் அது மியூ-ˈஸீ-யம், நடுவில் நெடில். அதனால் அழுத்தம் அங்கேதான். தமிழ் எழுத்து வடிவத்தை வைத்துக் கனம் பார்க்காதீர்கள், ஆங்கில ஒலியைக் கேட்டுப் பாருங்கள்.

சொந்த ஆங்கிலச் சொற்களுக்கும், வினைச்சொற்களுக்கும் இந்த விதியைத் திணிக்க வேண்டாம். அவற்றின் வழி வேறு. வ-ˈகா-பு-ல-ரி, ˈமெ-லன்-க-லி போன்றவற்றில் அழுத்தம் பின்னாலிருந்து நான்காவதுக்கே போய்விடும். அந்த இடத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ப்ரீஆன்டிபெனல்டிமேட். அதைப் படித்து வைத்தால் போதும், பேச்சில் பயன்படுத்தும் நிலை வராது.

ஆறாம் படி: வாயில் ஏற்றுங்கள்

விதி தெரிந்தால் மட்டும் நாக்கு திரும்பாது. நீளச்சொல்லைப் பழகுவதற்கும் பின்னாலிருந்து வருவதே நல்லது. முதலில் மேட். அப்புறம் டிமேட். அப்புறம் ˈனல்டிமேட், இங்கே மேசையில் ஒரு தட்டு. அப்புறம் பெˈனல்டிமேட். கடைசியாக ஆன்டிபெˈனல்டிமேட். ஒவ்வொரு முறையும் தட்டு அதே னல்லில் விழ வேண்டும், முன்னால் என்ன சேர்ந்தாலும் தட்டு நகரக் கூடாது. இப்படி ஐந்து தடவை சொன்னால் போதும்.

தட்டு விழும் சிலபிளைச் சத்தமாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். கொஞ்சம் நீட்டுங்கள், குரலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அதைவிட முக்கியம், மற்ற சிலபிள்களைச் சுருக்குங்கள். தமிழில் ஒவ்வோர் உயிரையும் அதற்குரிய மாத்திரையோடு முழுசாகச் சொல்கிறோம், அது நம் மொழியின் அழகு. ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத உயிர் மங்கி, அ-வும் இல்லாமல் எ-யும் இல்லாமல் ஒரு சின்ன முனகலாகிவிடும், ஷ்வா என்பார்கள். கடைசி மேட்டைக்கூட எழுத்தில்தான் மேட் என்கிறேன், வாயில் அது மெட்டுக்கும் மிட்டுக்கும் நடுவில் சுருங்க வேண்டும். ஃபோட்டோகிராஃபி என்று எல்லாவற்றையும் சமமாக நீட்டிச் சொல்லும்போது ஆங்கிலக் காதுக்கு எது தலை எது வால் என்று தெரியாமல் போவது இதனால்தான்.

எங்கே பயன்படுத்தலாம், எங்கே வேண்டாம்

சிலபிளைத் தாண்டி எந்த வரிசைக்கும் இந்தச் சொல் பொருந்தும். வருஷத்தின் அல்டிமேட் மாதம் டிசம்பர், பெனல்டிமேட் நவம்பர், ஆன்டிபெனல்டிமேட் அக்டோபர். ஆங்கில நெடுங்கணக்கில் ஆன்டிபெனல்டிமேட் எழுத்து எக்ஸ். ஆனால் சாதாரணப் பேச்சிலும் கடிதத்திலும் 'தேர்ட் ஃப்ரம் லாஸ்ட்' என்று சொல்லிவிடுங்கள், கேட்பவர் நின்று யோசிக்க வேண்டியிருக்காது. பிரிட்டிஷ்காரர்கள் 'லாஸ்ட் பட் டூ' என்பார்கள். அதில் டூ இருக்கிறதே என்று இரண்டாவது என நினைக்காதீர்கள். கடைசி இரண்டை விட்டுவிட்டு என்று அர்த்தம், அதாவது மூன்றாவது.

பெனல்டிமேட்டை 'அல்டிமேட்டுக்கும் மேல்' என்று நினைத்து, மிகச் சிறந்தது என்ற பொருளில் எழுதுகிறவர்கள் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிலும் உண்டு. முதல் படியில் பிரித்ததை நினைவில் வைத்தால் நீங்கள் அந்தத் தவறைச் செய்யவே மாட்டீர்கள்.

மற்ற மொழிகளில் இதே இடம்

போலிஷ் மொழியில் அழுத்தம் அநேகமாக எப்போதும் ஈற்றயலில். மாசிடோனிய மொழியில் மூன்றும் அதற்கு மேலும் சிலபிள் உள்ள சொற்களுக்கு அது ஆன்டிபெனல்டிமேட்டில் நிலைத்துவிட்டது. அங்கே மலைக்கு ˈப்லா-னி-னா. 'அந்த மலை' என்று சொல்ல வாலில் ஒரு தா சேர்ந்தால் ப்லா-ˈனி-னா-தா. வால் நீண்டதும் அழுத்தம் தானாக ஒரு படி நகர்ந்து பின்னாலிருந்து மூன்றாவதாகவே நிற்கிறது.

இத்தாலிய மொழியில் இப்படிப்பட்ட சொற்களை ஸ்ட்ரூச்சொலா என்கிறார்கள், வழுக்குவது என்று பொருள். அழுத்தத்துக்குப் பிறகு இரண்டு சிலபிள் சறுக்கி இறங்குவதால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். அதிலிருந்து ஸ்பானியருக்குப் போனது எஸ்ட்ரூஹுலா. ஸ்பானியத்தில் எஸ்ட்ரூஹுலா சொல் ஒவ்வொன்றிலும் அழுத்தக்குறியை எழுத்திலேயே போட்டாக வேண்டும். கற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது, ஆங்கிலமும் செய்திருக்கலாம். அந்தப் பெயரையும் எண்ணிப் பாருங்கள்: எஸ்-ˈட்ரூ-ஹு-லா. அதுவும் தேமா வகைதான், தன்னைத்தானே காட்டுகிறது.

பயிற்சிக்குச் சில சொற்கள்

முதலில் ரைனாசரஸ், ஹிப்பபாட்டமஸ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து எண்ணி, ஈற்றயல் கனமா லேசா என்று பார்த்து, அழுத்தத்தைக் குறியுங்கள். பிறகு அகராதியில் ஒலியைக் கேளுங்கள். ரை-ˈநா-ச-ரஸ் என்றும் ஹி-ப-ˈபா-ட-மஸ் என்றும் வந்திருந்தால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

அப்புறம் மீட்டர் என்று முடியும் சொற்கள். அளக்கும் கருவிகள் பெரும்பாலும் பின்னாலிருந்து மூன்றாவதில்: தெர்-ˈமா-மி-டர், ஸ்பீ-ˈடா-மி-டர், ப-ˈரா-மி-டர் (காற்றழுத்தமானி). நீள அலகுகள் எல்லாம் முதலில்: ˈசென்-டி-மீ-டர், ˈமி-லி-மீ-டர். கிலோமீட்டர் அலகுதானே, அது ˈகி-ல-மீ-டர் என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் கருவிகளின் பழக்கம் தொற்றி கி-ˈலா-மி-டர் என்றும் ஆகிவிட்டது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இன்று இரண்டையும் சொல்கிறார்கள், அகராதிகளும் இரண்டையும் தருகின்றன. அடுத்த முறை யாராவது ஆங்கிலத்தில் தூரம் சொல்லும்போது, அழுத்தம் பின்னாலிருந்து மூன்றாவதில் விழுகிறதா நான்காவதிலா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.